பகலில் கட்டிய ராத்திரி

எழுத்து எனக்குக் கோணல்மாணலாகத்தான் வரும். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்துதான். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. ஏதோ எடுக்க அடுக்களைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். இதிலும் அப்படி நடுவில் எங்கேயாவது நின்றுவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசக் கூசுகிற ஆள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் இருக்கிறேன். என் வீடு இல்லை. நான் காளையார்கோவில் பக்கத்துக் காட்டு வேலைக் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டுக்காரர் போனபின் இங்கே ஓர் ஆச்சிக்குத் துணையாக வந்து சேர்ந்தேன். சமைப்பேன், பெருக்குவேன், ஆச்சிக்குக் கால் பிடித்துவிடுவேன். வீடு பல பேருக்குப் பங்கு. எல்லோரும் மெட்ராஸ், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். ஆச்சி மட்டும்தான் அங்கேயே இருக்கிறார்கள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்கள். காது கேட்கும், கண் தெரியும், வாய் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும்.

எங்கள் தெருவுக்கு ஷூட்டிங் புதிது இல்லை. பெரிய படம் வந்தால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வேன் நிற்கும். நாங்கள் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆனால் நான் சொல்ல வந்த படம் அப்படி வரவில்லை. ஒரு லாரி, ஒரு வேன், பின்னால் இழுத்துக்கொண்டு வந்த ஒரு ஜெனரேட்டர், அவ்வளவுதான். டைரக்டர் ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. கண்ணாடி போட்டு, முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருப்பாள். வந்த முதல் நாளே அடுக்களை வாசலில் வந்து நின்று, "அம்மா, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். மற்ற படத்துக்காரர்கள் தண்ணீர் கேட்க ஆள் அனுப்புவார்கள்.

அப்படிக் குடிக்க வந்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத ஆளிடம் சொல்வது சிலருக்குச் சுலபமாக இருக்கும் போலிருக்கிறது. இதற்கு முன்னால் ஒரு படம் எடுக்கப் பார்த்தாளாம். கூட்டாளிகளை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வேலை பார்த்து எடுத்தார்களாம். அதில் கடைசியில் ஒரு ராத்திரி வந்ததாம்.

"ராத்திரின்னு நான் எடுத்தது வெறும் கருப்பா வந்துச்சும்மா. பொண்ணு முகமே தெரியல. அவ அழறாளா சிரிக்கிறாளான்னு எனக்கே தெரியாது. அந்தப் படம் அப்படியே கிடக்கு."

இந்தப் படத்திலும் கடைசியில் ஒரு ராத்திரி. ஒரு பெண் பெட்டி படுக்கை என்று பெரிதாக எதுவும் இல்லாமல், ஒரு பையை மட்டும் தூக்கிக்கொண்டு, எல்லோரும் தூங்குகிற நேரத்தில் பிறந்த வீட்டை விட்டுப் போகிறாள். அதோடு படம் முடிகிறது. அந்த முகம் இந்தத் தடவை தெரிய வேண்டும். அதற்காகத்தான் வேலை தெரிந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவளிடம் காசு இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரே செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அப்படியானால் இந்த ஆட்கள் எப்படி வந்தார்கள் என்று என் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கேட்க வாய் வராது. ஆச்சிக்கு வரும்.

லைட்காரர்களுக்குத் தலைவராக வந்தவர் ஐம்பது தாண்டியவர். நரைத்த மீசை, கழுத்தில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு. இட்லி சாப்பிட்டுக் கை கழுவ வந்தவரை ஆச்சி பிடித்துக்கொண்டார்கள்.

"ஏப்பா, போன தடவை வந்த படத்துல உங்க ஆளுக தெருவையே அடைச்சுக்கிட்டு நின்னாக. இப்ப விரல் விட்டு எண்ணிரலாம் போலருக்கே. மத்தவுகளுக்கெல்லாம் உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லைங்க ஆச்சி. இது சின்னப் படம். இந்த மாதிரிப் படத்துக்குன்னு எங்க சங்கத்துல தனி ஒப்பந்தம் இருக்கு. ஆளும் கம்மி, சம்பளமும் கம்மி."

"சம்பளம் கம்மியா? அப்புறம் எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீக?"

அவர் சிரித்தார். "ஒரு பெரிய படம் முடிஞ்சு இன்னொண்ணு வர்ற வரைக்கும் வீட்ல உக்காந்து பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கறதுக்கு இது மேல் இல்லையா? அதுவுமில்லாம ஆச்சி, இந்த மாதிரிப் புள்ளைங்க எங்களுக்குக் கொடுக்க முடியலன்னு யாரையோ வச்சு எடுத்துப் பழகிட்டா, நாளைக்கு அவங்க பெரிய ஆளா ஆனப்புறம் எங்களைத் தேடுவாங்களா? அதான், உன்னால முடிஞ்சதைக் கொடு, வேலை தெரிஞ்சவன் வர்றான்னு ஒரு ஏற்பாடு."

"சும்மா வந்துருவீகளாக்கும்?"

"சும்மா எங்க? நிபந்தனை இருக்கே. நேரத்துக்குச் சோறு. படுக்க ஒழுங்கான எடம். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிஞ்சுரணும். ராத்திரி வேலை கிடையாது. இதுல ஒண்ணு தவறினாலும் பெரிய படத்துச் சம்பளம் கொடுக்கணும்."

"அந்தப் புள்ளையால முடியுமா?"

"முடியாது. அதனால அந்தப் புள்ளையைவிட நாங்கதான் வாட்சைப் பாத்துக்கிட்டே இருக்கோம்."

ஆச்சி யோசித்தார்கள். "ராத்திரி வேலை இல்லேன்னா, அவ கதையில ராத்திரி வருதே, அதுக்கு என்ன செய்வீக?"

"கட்டுவோம்."

"எதை?"

"ராத்திரியை."

ஆச்சி என் பக்கம் திரும்பினார்கள். "கேட்டுக்கிட்டியா? ராத்திரியைக் கட்டுறாகளாம். இங்க கொசுவலை கட்ட ஒரு ஆள் கிடைக்காம நான் ஒரு வாரமாக் கடி வாங்குறேன்."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்குகளை அணைத்ததும் அவர் தானே ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஆச்சிக்குக் கொசுவலை கட்டிவிட்டுப் போனார்.

அவர் சொன்ன ராத்திரியைக் கடைசி நாளில்தான் கட்டினார்கள். அதற்கு மறுநாள் கிடையாது. மறுநாள் வீட்டுப் பங்காளிகள் எல்லோரும் படைப்புக்கு வருகிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோர்களுக்குச் செய்கிற படையல் அது, தள்ளிவைக்க முடியாது. லைட்காரர்களுக்கும் மறுநாள் வேறு ஊரில் பெரிய படம். ஆகவே அந்த ஒரு நாள், அதுவும் ஆறு மணி வரைக்கும். அதற்குள் எடுக்காவிட்டால் இந்தப் படமும் பழைய படம் மாதிரி முடிவு இல்லாமல் கிடக்கும். டைரக்டர் பொண்ணு அன்று காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் வளவு என்பது நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூண்களும். காலையில் வெயில் மேற்குத் தூண்களில் இறங்கும், சாயங்காலம் கிழக்குத் தூண்களில் ஏறும். எங்களுக்கு அதுதான் கடிகாரம். அந்த முற்றத்தின் மேலே மொட்டைமாடியிலிருந்து கருப்புத் துணியை இழுத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு முழமாகத் துணி நகர நகர, வெயில் தரையில் பின்வாங்கிப் போனது. முன்வாசல் கதவைச் சாத்தி, உள்பக்கம் துணி தொங்கவிட்டார்கள். ஜன்னல், சாளரம், ஓட்டுச் சந்து, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் ஒரு ஓரத்தில் ஊசி மாதிரி ஒரு வெளிச்சம் நின்றது. யாரோ மேலே நடந்துபோய் அதையும் மூடினார்கள்.

எங்கே இருக்கிறேன் என்று எனக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை. முற்றத்து உத்தரத்தில் இருக்கிற புறாக்கள் ஒன்றிரண்டு தரம் குனுகிவிட்டு அடங்கிவிட்டன. என் உடம்பும் நம்பிவிட்டது. கொட்டாவி வந்தது. கை கால் அலுத்தது. அரிசி ஊறப்போட்டோமா என்று நினைப்பு வந்தது.

அப்புறம் மேலே ஒரு இடத்தில் மட்டும் கருப்பை விலக்கி வெள்ளைத் துணி வைத்து, அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய விளக்கைப் போட்டு, பகல் வெளிச்சம் வராதபடி அதையும் சுற்றிக் கருப்புத் துணி கட்டினார்கள். நிலா வந்தது. நிஜ நிலா எங்கள் முற்றத்தில் விழும், நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். தண்ணீர் கலந்த பால் மாதிரி அந்த வெளிச்சம் தரைக்கல்லில் நின்றது. தூண்களின் நிழல் ஒன்றன்மேல் ஒன்று படாமல் வரிசையாக நீண்டிருந்தது. லைட்காரர் ஒரு மூங்கில் கழியால் ஒரு சின்னத் துணியை இப்படி அசைப்பார், ஒரு தூண் பின்னால் போகும். அப்படி அசைப்பார், தூண் முன்னால் வரும். தினமும் நான் துடைக்கிற தூண்கள், யாரோ ஊருக்குப் போயிருந்து திரும்பி வந்தவர்கள் மாதிரி நின்றன.

வெளியே தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. ஐஸ்காரன் மணி கேட்டது. நடுராத்திரியில் ஐஸ் விற்கிறானே, யார் வாங்குவார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

ஒரு தூணோரம் முக்காலி போட்டு என்னை உட்காரச் சொல்லியிருந்தார்கள். "படம் ஓடறப்ப மூச்சுகூடச் சத்தமா விடாதீங்கம்மா" என்று சத்தம் பிடிக்கிறவர் சொல்லிவிட்டுப் போனார். ஆச்சி மதியச் சாப்பாடு முடிந்து வளவுக்குப் பின்னால் இருக்கிற இரண்டாம் கட்டுக்குள் படுத்திருந்தார்கள். பகலில் ராத்திரி கட்டப்போகிற விஷயத்தை முந்தின நாளே அவர்களிடம் விளக்கிச் சொல்லியிருந்தோம். சரி சரி என்று தலையாட்டியிருந்தார்கள்.

நடித்த பெண் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் கட்டு வாசலிலிருந்து வர வேண்டும். வளவைச் சுற்றித் தூணோரமாக நடக்க வேண்டும். நிலா விழுகிற இடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும். அப்புறம் முன்பக்கத்து இருட்டுக்குள் போய்விட வேண்டும். வெளிக்கதவு படத்தில் வராது. நடந்து பார்த்தார்கள், விளக்கை மாற்றினார்கள், மறுபடி நடந்தார்கள். மூன்று மணியோ நாலு மணியோ, அந்த ராத்திரிக்குள் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் டைரக்டர் பொண்ணு மெல்லிய குரலில் ஆரம்பிக்கச் சொன்னாள்.

அந்தப் பெண் வந்தாள். பை அவள் தோளை ஒரு பக்கம் இழுத்தது. இரண்டாவது தூணைத் தாண்டினாள். அப்போது அவளுக்குப் பின்னால் இன்னொரு வெளிச்சம் வந்தது.

ஆச்சி. கையில் காமாட்சி விளக்கு. ஏற்றியாயிற்று. முகத்தைக் கழுவி, திருநீறு பூசி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, கேமரா இருக்கிற பக்கம் பார்க்காமல் நேரே நடந்து வந்தார்கள். சத்தம் பிடிக்கிறவர் வாயைத் திறந்தார், மூடினார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் மூச்சுகூட விடக்கூடாது என்றார்களே. ஆச்சி மாடத்தில் விளக்கை வைத்தார்கள். கும்பிட்டார்கள். விளக்கு வைத்ததும் முன்வாசலைத் திறந்து வைப்பது இந்த வீட்டு வழக்கம், லட்சுமி உள்ளே வருவதற்காக. ஆச்சி அதே வேகத்தில் முகப்புக்குப் போய், தொங்கிய துணியை ஒதுக்கி, தாழ்ப்பாளை நீக்கி, ரெட்டைக் கதவையும் இழுத்துத் திறந்துவிட்டார்கள்.

வெயில் உள்ளே பாய்ந்தது. கண் கூசிற்று. வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சீருடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஐஸ் வண்டியைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். ஆச்சி வாசலில் நின்று வெளியே பார்த்தார்கள். திரும்பி உள்ளே பார்த்தார்கள். உள்ளே நிலா. மறுபடி வெளியே பார்த்தார்கள்.

நான் ஓடினேன்.

"ஏத்தா," என்று என் கையைப் பிடித்தார்கள். "நான் எத்தனை நாளாத் தூங்கினேன்?"

"எத்தனை நாளும் இல்லை ஆச்சி. இப்பத்தான் படுத்தீக. இது இவுக கட்டின ராத்திரி."

ஆச்சிக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு. "அட, அப்ப இன்னும் பொழுது கிடக்கா? நான் போச்சுன்னுல்ல நினைச்சேன்" என்றார்கள். விட்டுப்போன பஸ் திரும்பி வந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்த முகம்.

திறந்த நேரத்துக்கு லட்சுமி உள்ளே வந்திருப்பாள் என்று ஆச்சி சொன்னதும் கதவைச் சாத்தினார்கள். துணியை மறுபடி இழுத்து, சுற்றிலும் ஓட்டை அடைக்கவே வெகுநேரம் ஆயிற்று. டைரக்டர் பொண்ணு கோபிக்கவில்லை. மாடத்து விளக்கைப் பார்த்து, "இது இருக்கட்டும் ஆச்சி, அழகா இருக்கு. இப்ப இன்னொரு தடவை எடுத்துடறோம்" என்றாள்.

"எதை எடுக்கப் போறீக?"

"அந்தப் பொண்ணு பையோட போறதை."

"அதெப்படி? விளக்கு வச்சாச்சுல்ல? விளக்கு வச்ச பிறகு இந்த வீட்டுச் சாமான் ஒண்ணுகூட வாசப் பக்கம் போகக் கூடாது. உப்பு கேட்டாக்கூட நாங்க குடுக்க மாட்டோம். காலையில போகச் சொல்லு."

"ஆச்சி, இது நடிப்புதானே?"

"விளக்கு நெசந்தானே?"

"இன்னும் விளக்கு வைக்கிற நேரமே ஆகலையே ஆச்சி. வெளியே வெயில் அடிக்குதே!"

"நேரம் இல்லாத நேரத்துல ராத்திரியை வச்சது நானா, நீயா?"

பொண்ணு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் பங்குள்ள ஆச்சி கூடாது என்றால் கூடாதுதான். நான் ஆச்சியின் முந்தானையைப் பின்னால் இருந்து லேசாக இழுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். ஆச்சி முந்தானையை விடுவித்துக்கொண்டார்கள்.

லைட்காரர் வந்து ஆச்சிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வாட்சைப் பார்த்தார்.

"ஆச்சி, உங்களுக்கு விளக்கு மாதிரி எங்களுக்கு ஆறு மணி. அதுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு."

"ஆறுக்கு மேல ஒரு கால் மணி நின்னா என்ன கொறைஞ்சு போவீக? நீ உன் வழக்கத்தை விடு, நான் என் வழக்கத்தை விடுறேன். சரியா?"

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். டைரக்டர் பொண்ணும் பார்த்தாள். ஒரு தலையாட்டல்தானே என்று எனக்குத் தோன்றியது. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விட முடியாதுங்க ஆச்சி. இந்தப் புள்ளைக்காக மனசார நிப்பேன். ஆனா இன்னைக்கு நான் இங்க நின்னா, நாளைக்கு இன்னொரு படக்காரன், அங்க நின்னியே, இங்க நிக்க மாட்டியான்னு கேப்பான். கால் மணி அரை மணியாகும். அப்புறம் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்காது. அது இல்லேன்னா இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குப் பழையபடி நாங்களே கிடையாது."

"அண்ணன் சொல்றது சரி ஆச்சி," என்றாள் பொண்ணு. "அவங்க கொடுத்த வாக்கை வச்சுத்தான் நான் இந்த ஊருக்கே வந்தேன். ஆறுன்னா ஆறுதான்."

ஆச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். "ம். அப்ப வழக்கத்தை ஏன் விட முடியாதுன்னு உனக்குத் தெரியுது" என்றார்கள். அப்புறம் நடிக்கிற பெண்ணைக் கூப்பிட்டார்கள். "இங்குட்டு வா. அந்தப் பையில என்னத்தை அள்ளிக்கிட்டுப் போற? தொற."

பையில் கசக்கிய பேப்பர். அதற்கடியில் ரெண்டு செங்கல்.

"இது நம்ம கொல்லைச் செங்கல்ல?"

சாமான்களைப் பார்த்துக்கொள்கிற ஆர்ட் டிபார்ட்மென்ட்காரர் நெளிந்தார். "ஆமாங்க. கனம் தெரியணும்னு போட்டேன்."

"பேப்பரு?"

"லாட்ஜ்ல இருந்து கொண்டாந்தது."

"பை?"

"மெட்ராஸ்ல வாங்கினது."

"அப்ப என்னாத்துக்கு இம்புட்டு நேரம் பேசுறீக? செங்கலை எடுத்து வச்சுட்டுப் போகச் சொல்லு. வந்தது போகலாம். வீட்டுது போகக் கூடாது. அந்தப் பொண்ணும் மெட்ராஸ்தானே? போகட்டும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

செங்கலை எடுத்துவிட்டு நடந்து பார்த்தாள். பை காற்றாடி மாதிரி ஆடியது. கனமாக இருப்பதுபோல் தோளைச் சாய்த்துப் பார்த்தாள். தோள் சாய்ந்தது, பை சாயவில்லை. "பறக்குதே," என்றாள் டைரக்டர் பொண்ணு. தெருவில் போய்க் கல் எடுத்து வரலாம், ஆனால் கதவைத் திறந்தால் மறுபடி துணி கட்ட வேண்டும். கொல்லைப் பக்கம் இருப்பதெல்லாம் வீட்டுச் சாமான். ஆச்சியோ என்னருகில் முக்காலியில் உட்கார்ந்து, யார் எதைத் தொடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லைட்காரர் திரும்பிப் பார்த்தார். உயரமான விளக்குக் கம்பி ஒன்று தூணோரம் நின்றது. அது சாயாமல் இருக்க அதன் காலில் ரெண்டு மணல் மூட்டை போட்டிருந்தார்கள். குனிந்து ரெண்டையும் எடுத்தார்.

"இது லாரியில வந்தது ஆச்சி. எங்க சங்கத்து மணல்."

"தாராளமாப் போகட்டும்," என்றார்கள் ஆச்சி.

"அண்ணே, ஸ்டாண்டு சாஞ்சுருமே!" என்றார் ஆர்ட் டிபார்ட்மென்ட்காரர்.

"நீ பிடி."

"நானா? லைட்டைத் தொட்டா உங்க ஆளுங்களே என்னைச் சும்மா விடமாட்டாங்களே!"

அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் புரிந்தது. பெரிய படங்களில் ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் தொடக் கூடாதாம். லைட்காரர் நாற்காலியை நகர்த்த மாட்டார், நாற்காலிக்காரர் விளக்கைத் தொட மாட்டார். ஒருத்தர் பிழைப்பை இன்னொருத்தர் பறித்துவிடக் கூடாது என்று வைத்த கட்டுப்பாடு அது. ஆனால் சின்னப் படத்து ஒப்பந்தத்தில் ஆட்கள் குறைவு என்பதால், ஒருத்தருக்கொருத்தர் கை கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறதாம்.

"இந்தப் படத்துல தொடலாம். கையெழுத்துப் போட்டப்ப படிக்கலையா நீ?" என்றார் லைட்காரர்.

"நான் எப்பண்ணே படிச்சேன்? கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன்."

"கட்டிப் பிடிச்சுக்க. பொண்டாட்டின்னு நினைச்சுக்க. ஆடாத."

மணலைப் பையில் வைத்தார்கள். ஆர்ட் டிபார்ட்மென்ட்காரர் விளக்குக் கம்பியைக் கட்டிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் அடங்கிற்று.

அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்தப் பெண் வந்தாள். இப்போது மாடத்து விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மேலே இருந்து வெள்ளையாக நிலா, பக்கத்தில் மஞ்சளாகச் சுடர். ரெண்டுக்கும் நடுவில் அவள் நடந்தாள். பை அவளைக் கீழே இழுத்தது. கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள் மாதிரி காலை ஊன்றி ஊன்றி வைத்தாள். நிலா விழுகிற இடத்தில் நின்றாள். விளக்கைப் பார்த்தாள். அழவில்லை. தூங்குகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல வீட்டைப் பார்த்தாள். என் மணிக்கட்டை ஆச்சி பிடித்திருந்தார்கள். அந்தப் பிடி இறுகியது. அவள் இருட்டுக்குள் போன பிறகும் டைரக்டர் பொண்ணு நிறுத்தச் சொல்லவில்லை. ஆளில்லாத வளவு, விளக்கு, நிலா. நாங்கள் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, எப்போதோ எங்கேயோ நடந்த ஒரு ராத்திரிக்குள் உட்கார்ந்திருந்தோம். அது முடியக் கூடாது என்றுகூட எனக்குத் தோன்றிற்று.

நிறுத்தினார்கள். "இன்னொண்ணு போயிடலாம், சீக்கிரம்," என்றாள் பொண்ணு.

லைட்காரர் வாட்சைத் திருப்பிக் காட்டினார். "ஆறும்மா."

அவள் ஒரு கணம் நின்றாள். கெஞ்சுவாளோ என்று நினைத்தேன். "சரிண்ணே" என்றாள்.

மேலே விளக்கை அணைத்தார்கள். நிலா போய்விட்டது. மாடத்து விளக்கு மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் எடுத்ததைச் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்தாள். பாதியிலேயே கையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். முகம் தெரிந்தது. இருட்டு இருட்டாகவே இருந்தது, அதற்குள் முகம் தெளிவாகத் தெரிந்தது. ஆச்சி குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கட்டியிருக்கீக," என்று லைட்காரரிடம் சொன்னார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்ட மாதிரியும் இருந்தது.

மாடியில் துணியை அவிழ்த்தார்கள். மேலே இன்னும் வானம் வெளுப்பாக இருந்தது. புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து படபடவென்று பறந்தன. அப்புறம் மெதுவாக, யாரும் கட்டாமலேயே, நிஜமாகவே பொழுது சாய்ந்தது. அன்று எங்கள் வீட்டில் ரெண்டு தடவை பொழுது சாய்ந்தது. டைரக்டர் பொண்ணு முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த தோசையை ஒன்று, ரெண்டு, மூன்று என்று தின்றுகொண்டே இருந்தாள்.

போன மாசம் டிவியில் ஒருவர், சங்கங்களின் சட்டதிட்டத்தால் சின்னப் படக்காரர்கள் வாழ முடியவில்லை என்று பேசினார். அவர் சொல்வது மற்ற இடங்களுக்குப் பொருந்தலாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் பார்த்தது ஒரு படம், அதில் ஒரு ராத்திரி. அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்த ராத்திரிக்கு முகம் இருந்திருக்காது. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

ஒப்பந்தத்தில் இருப்பதாக நான் எழுதியவை எல்லாம் சாப்பாட்டு நேரத்திலும் வேலை நடுவிலும் காதில் விழுந்தவை. ஒருத்தருக்கொருத்தர் கை கொடுக்கலாம் என்பது எல்லா வேலைக்கும் உண்டா, சிலதற்கு மட்டுமா, சம்பளம் எந்த அளவு குறைப்பார்கள், எவ்வளவு சின்னதாக இருந்தால் சின்னப் படம் என்பார்கள், இதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. மணல் மூட்டை ரெண்டா மூன்றா என்பதிலும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. லைட் வேலை பார்க்கிறவர்களோ சங்கத்தில் இருக்கிறவர்களோ யாராவது இதைப் படித்தால், தயவு செய்து ஒரு தடவை சரிபார்த்து, தப்பாக இருப்பதைத் திருத்திவிடுங்கள்.